உயிரோடு இருக்கையிலேயே ஒரு படம்

அந்த மனிதரின் நெற்றி இரண்டு நிறமாக இருந்தது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் உயரம் வரைக்கும் சுட்ட செங்கல் நிறம். அதற்கு மேல், மயிர் தொடங்கும் இடம் வரை வெளுப்பு. அமெரிக்காவில் என் மகன் குடியிருக்கும் சின்ன ஊரின் நூலகத்தில் அவருடைய எண்ணெய் வண்ணப் படத்தை மாட்டியிருந்தார்கள். மருமகளின் பிரசவத்துக்காக நான் அங்கே போயிருந்த சமயம். பேரனைக் குளிப்பாட்டுவதும் பத்தியச் சமையல் செய்வதும் போக மற்ற நேரமெல்லாம் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துப் பார்த்து நான் எல்லோர் மேலும் எரிந்து விழ ஆரம்பித்திருந்தேன். சரி, மாமியாருக்குக் கொஞ்சம் காற்றாடட்டும் என்று மருமகள் என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் புத்தகம் தேடப் போனாள். நான் அந்த ஆள் முன்னால் நின்றுவிட்டேன்.

தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நின்றவன் நெற்றிதான் அப்படி இருக்கும். எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டில் வேலை செய்கிற ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தால் அதே கோடு தெரியும். கறுப்புக் கோட்டும் கழுத்தில் வெள்ளைத் துணியுமாகப் பெரிய மனுஷ வேஷத்தில் உட்கார்ந்திருந்தாலும், இவர் வெயிலில் நின்று வேலை வாங்கியவர் என்று எனக்கு உடனே தெரிந்துபோயிற்று. வரைந்தவரும் அதை மறைக்கவில்லை. மூக்கு கொஞ்சம் கோணல். அதையும் அப்படியே விட்டிருந்தார். ஒரு கையில் சுருட்டிய காகிதம். தோளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஆறு, ஆற்றின் மேல் பாலம். சாயம் பழசாகி, தண்ணீர் வற்றிய குளத்து வண்டல் போலப் படம் முழுக்க வெடித்திருந்தது.

யார் இவர் என்று நூலகத்து அம்மாவிடம் மருமகளைக் கேட்கச் சொன்னேன். ஜனாதிபதியாக இருக்கும், போரில் ஜெயித்த தளபதியாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. அந்த ஊருக்குத் தலைவராக இருந்தவர், அவ்வளவுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பாலத்தைக் கட்ட வேண்டும் என்று பாதி ஊரோடு மல்லுக்கட்டியவர். பக்கத்து ஊரில்கூட அவரை யாருக்கும் தெரியாதாம். வரைந்தவரின் பெயரும் தெரியாது. ஊர் ஊராகப் போய் முகம் வரைந்து பிழைத்த ஒருத்தர். தலைவர் தன் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, அவர் தினம் வந்து வரைந்திருக்கிறார்.

அப்படியானால் உயிரோடு இருக்கும்போதே வரைந்ததா என்று கேட்டேன். பின்னே எப்போது வரைவார்கள் என்று அந்த அம்மா சிரித்தார். எங்கள் பக்கத்தில் எப்போது வரைவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆள் போய்ப் பதினாறாம் நாள் காரியத்தில்தான் எங்கள் ஊரில் படம் திறப்பார்கள். அதற்கு முன்னால் சுவரில் ஏறினால் அது கல்யாணப் போட்டோவாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஜோடி இருக்க வேண்டும். அதனால் அடுத்த கேள்வியையும் கேட்டேன்: பெண்டாட்டி எங்கே, ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறார்? அவருடைய பெண்டாட்டியைத் தனியாக வேறொரு படத்தில் வரைந்திருந்தார்களாம், அது அவர்கள் வாரிசுகளின் வீட்டில் இருக்கிறதாம். வரைந்தபோது இருவரும் நன்றாகத்தான் இருந்தார்களாம்.

எனக்கும் இப்படி ஒரு படம் வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஆசை வந்துவிட்டது. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? நானும் ஒரு ஊருக்குத் தலைவராக இருந்தவள். பாலம் கட்டியவருக்கு ஒரு சுவர் உண்டென்றால், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவளுக்கும் ஒரு சுவர் உண்டு. எனக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உழைக்காமல் பெருமைப்பட்டால்தான் தப்பு என்பது என் கட்சி.

நான் தலைவரான கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் என் வீட்டுக்காரர் தனக்குப் பதிலாக என்னை நிறுத்தினார். தேர்தல் சுவரொட்டியில் அவர் முகம் பெரிதாகவும் என் முகம் ஓரத்தில் தபால்தலை அளவிலும் இருந்தது. ஜெயித்து வந்த பிறகும் தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார். நான் மனு கொடுக்க வந்தவள் மாதிரி வாசல் பக்கம் நிற்பேன். பேருக்கு நான், பேச்சுக்கு அவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. சுற்று வட்டாரத்தில் எல்லாப் பெண் தலைவர்களின் வீட்டிலும் அதுதான் நடைமுறை, யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. எனக்கும் கொஞ்ச நாள் படவில்லை. ஒரு நாள் ஊராட்சிச் செயலர் நீட்டிய காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். உனக்கு எதுக்கு அது, கையெழுத்தைப் போடு என்றார் இவர். சுருக்கென்றது. படிக்காமல் போடுகிற கையெழுத்தை யார் போட்டால் என்ன, உங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன். செயலர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து இவர் கந்தர்வக்கோட்டையில் இருக்கும் தன் உரக்கடையைப் பார்க்கப் போய்விட்டார். நாற்காலி எனக்கு வந்தது.

எங்கள் பெரிய குளம் நிறைந்து பல வருடம் ஆகியிருந்தது. வானம் பொய்க்கவில்லை. பெய்த தண்ணீர் குளத்துக்கு வந்து சேரத்தான் வழியில்லை. மேட்டிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலை எங்கள் பக்கம் வரத்துவாரி என்போம். அந்த வாரியை ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உழுது, மரம் வைத்து, வேலி போட்டு, வாரி இருந்த இடமே தெரியாமல் செய்துவிட்டார்கள். எல்லோரும் குளம் வற்றியதைப் பற்றி டீக்கடையில் வருத்தப்படுவார்கள், வீட்டுக்குப் போகிற வழியில் தங்கள் வேலியை இன்னும் ஒரு சாண் தள்ளி நடுவார்கள். அதைத் திரும்பத் தோண்டுவது என்று முடிவு செய்தேன். சர்வேயர் வந்தார், அளந்தார், கல் ஊன்றினார். முதல் கல் எங்கே விழுந்தது தெரியுமா? எங்கள் சொந்த முந்திரித் தோப்பில். என் மாமனார் தன் கையால் வைத்த மரங்களுக்கு நட்டநடுவே.

ஊர் முழுக்க என் முகத்தையே பார்த்தது. என் மரத்தை விட்டுவிட்டு அடுத்தவன் மரத்தில் கை வைத்தால் எவன் விடுவான்? என் தோப்பில்தான் தொடங்க வேண்டும் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் அழுதார். பூவும் பிஞ்சுமாக நிற்கிற மரத்தை வெட்டச் சொல்கிறாயே, எங்கப்பா வச்சதாச்சே என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பொக்லைன் வருகிற அன்று காலையில் அவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கீரனூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோப்பில் நின்றேன். ஒவ்வொரு மரமாகச் சாய்ந்தபோது மனசு கிடந்து அடித்துக்கொண்டது, ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. நகர்ந்தால் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிடுவார் என்று தெரியும். பொழுது சாய்வதற்குள் எங்கள் தோப்பின் குறுக்கே சிவப்பாக ஒரு வாய்க்கால் ஓடியது. மறுநாள் பக்கத்துத் தோப்புக்காரர் தானே வந்து தன் வேலியைப் பிரித்துக் கொடுத்தார். அதற்கடுத்தவரும் கொடுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாரியில் தண்ணீர் கலங்கலாக வந்து குளத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்க ஊரே கரையில் நின்றது. குளம் நிறைந்து உபரித் தண்ணீர் கலிங்கில் வழிந்தபோது எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மடைக்குப் பொங்கல் வைத்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. மேளத்தோடு சால்வை கொண்டுவந்து என் வீட்டுக்காரருக்குப் போர்த்தினார்கள். பெத்த அப்பன் வச்ச மரத்தையே ஊருக்காக வெட்டிக் கொடுத்தவர், இந்த மனசு யாருக்கு வரும் என்று ஒருவர் மைக்கில் பேசினார். கைதட்டினார்கள். கீரனூரிலிருந்து அவர் திரும்பி வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். நானும் பேசவில்லை. சபையில் புருஷனை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை நான். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தக் கலிங்குத் தண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றியிருந்தாலும் அடங்கியிருக்காது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் கதையே நிலைத்துவிட்டது. என் பதவிக்காலம் முடிந்த பிறகும், வெளியூர்க்காரர் யாராவது குளத்தைப் பார்த்துக் கேட்டால் இவரைத்தான் காட்டுவார்கள்.

இந்த நிலையில்தான் நான் அமெரிக்காவிலிருந்து என் ஆசையோடு வந்து இறங்கினேன். என் பதவிக்காலத்தில் கட்டிய சமுதாயக் கூடத்தில் படத்தை மாட்டலாமா என்று குளத்துப் பாசனக்காரர்களின் கூட்டத்தில் நானே கேட்டேன். அடுத்தவர் கேட்டுத் தருவார்கள் என்று காத்திருந்தால் என் பதினாறாம் நாள்தான் வரும். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. உசுரோட இருக்கிறவங்களுக்குப் படமா என்று ஒருத்தர் இழுத்தார். கடைசியில் தண்ணீர் பாய்ந்த வயல்காரர்கள் எல்லோரும் சரி என்றார்கள். அமெரிக்காக்காரர் படத்தை மகன் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு ஓவியரைத் தேடிப் போனேன்.

ஓவியர் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர், நாற்பது வயதிருக்கும். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அவர் வரைந்ததெல்லாம் போனவர்களின் முகம். வீட்டார் கொடுக்கிற சின்னப் போட்டோவைப் பார்த்துப் பெரிதாக வரைந்து பதினாறாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். என்னையும் ஒரு போட்டோ கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன், செல்போனைக் காட்டினேன். அவர் அந்த நெற்றியைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஆளை உட்காரவைத்து வரைந்தது படிப்பு முடிந்த காலத்தோடு சரி என்று சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது.

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஜன்னல் பக்கம் கேன்வாஸை நிறுத்தினார். முதல் நாளே ஒரு கூத்து. கோடு போடும்போது கீழே ஒரு பட்டையை மட்டும் காலியாக ஒதுக்கிவைத்தார். அது எதற்கு என்று கேட்டேன். தோற்றம், மறைவு எழுத என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தோற்றத்தை எழுதுங்கள், மற்றதை நான் பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றேன். மனிதர் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார், முகத்தைப் பார்க்காமல் எப்படி வரைவது?

எனக்கு வாய் சும்மா இருக்காது. வாயை வரையும்போதாவது பேசாமல் இருங்கள் என்று கெஞ்சுவார். இருந்தேன், முடிந்த மட்டும். அவருக்கும் கை சும்மா இருக்காது. போனவர்களை அழகாக்கி அழகாக்கிப் பழக்கம். என் நிறத்தைக் கூட்டி, கன்னச் சுருக்கத்தை எடுத்து, என்னிடம் இல்லாத ஒரு அட்டிகையைக் கழுத்தில் போட்டுவிட்டார். யார் வீட்டு அட்டிகை இது என்று கேட்டு அழிக்கச் சொன்னேன். வெயிலில் நின்று கறுத்த முகம் கறுத்தே இருக்கட்டும் என்றேன். பின்னால் குளமும் மடையும் வந்தன. அதற்காக ஓவியர் என்கூட வந்து கரையில் உட்கார்ந்து தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல தொழில்காரர். என் முகம் அந்தத் துணியில் தெரிய ஆரம்பித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதில் இருந்தவள் யாருடைய வீட்டுக்காரியாகவும் தெரியவில்லை. தலைவராகத் தெரிந்தாள்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் கீரனூரிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார், உட்காரவே இல்லை. என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

“ஒனக்குத் தெரியாததில்ல. சுமங்கலி தனியா சுவர்ல ஏறக் கூடாது. ஏறுனா ஒண்ணு அவ இல்லைன்னு அர்த்தம், இல்லாட்டி அவ புருசன் இல்லைன்னு அர்த்தம். எந்தம்பி நெஞ்சு இருக்கிற நெலமையில இது ஒனக்கு வேணுமா?”

நான் அமெரிக்காவுக்குப் போவதற்கு முந்தின வருடம்தான் இவருக்கு நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூரில் சேர்த்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மருத்துவமனை வாசலில் நான் உட்கார்ந்திருந்த உட்கார்ப்பு எனக்குத்தான் தெரியும். நாத்தனார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பகுத்தறிவெல்லாம் அடுத்தவர் புருஷன் விஷயத்தில் நன்றாக வேலை செய்யும், நம் புருஷன் என்றால் பல்லி கத்தினாலும் திடுக்கிடுகிறோம். அந்த அமெரிக்காக்காரரும் அவர் பெண்டாட்டியும் தனித்தனியாக உட்கார்ந்தும் நன்றாகத்தான் இருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயம் போகவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு ஓவியருக்குப் போன் செய்து, பக்கத்தில் என் வீட்டுக்காரரையும் வரைந்துவிடுங்கள் என்று சொல்லி, அவருடைய போட்டோ ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். இனி அந்தச் சால்வை நிரந்தரமாக அவர் தோளில்தான் என்று தெரிந்தேதான் சொன்னேன். பெருமையைவிட ஆள் முக்கியம் என்று தேற்றிக்கொண்டேன். இவரிடம் எதையும் சொல்லவில்லை.

படத்தைப் புதுக்கோட்டைக்கு எடுத்துப்போய் மீதி வேலையை முடித்து, மாட்டுவதற்கு முந்தின நாள் மதியம் ஓவியர் ஒரு குட்டி யானை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரோரம் சாய்த்துத் துணியை எடுத்தார். நான் அப்படியே இருந்தேன், கறுப்பாக, சுருக்கத்தோடு, நேராகப் பார்த்துக்கொண்டு. எனக்குப் பின்னால், என்னைவிட ஒரு தலை உயரமாக, குளத்தில் பாதியை மறைத்துக்கொண்டு இவர் நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை. ஒரு கையை நீட்டி மடையைக் காட்டிக்கொண்டிருந்தார். இங்கே வெட்டு, இங்கே கட்டு என்று அவர் சொல்ல நான் கேட்டுச் செய்த மாதிரி இருந்தது. ஓவியரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் எல்லோரும் சொன்ன கதையைத்தான் அவர் வரைந்திருந்தார். ஆம்பளையைச் சும்மா நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று கையை நீட்டவைத்ததாகச் சொன்னார்.

இவர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் படத்தைப் பார்த்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுல நான் எதுக்கு?”

அவர் அக்கா சொன்னதைச் சொன்னேன். எனக்கும் பயமாக இருந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், படத்தைப் பார்த்தே பேசினார்.

“மரம் வெட்டுன அன்னிக்கு நான் எங்கக்கா வீட்டுல குப்புறப் படுத்துக் கெடந்தேன். ஊருக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். சால்வை போட்டப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. இத்தன வருசமா நீயும் ஒரு வார்த்தை கேக்கல. இப்ப இதுலயும் நின்னேன்னு வையி, நம்ம பேரனுக்கும் அதான் நெசம்னு ஆயிரும்.”

ஓவியர் பக்கம் திரும்பி, “தம்பி, என்னை எடுத்துருங்க” என்றார்.

ஓவியருக்கு முகம் வெளுத்துவிட்டது. வரையாமல் விடுவது ஒரு விஷயம், வரைந்த முகத்தை அழிப்பது வேறு. எத்தனையோ போனவர்களை வரைந்த கை அது, உயிரோடு இருக்கிற ஒருவரை அழிக்க அது வரவில்லை. “ஐயா, வேற என்ன சொன்னாலும் செய்யிறேன். ஒங்க மொகத்து மேல நான் சாயம் அடிக்க மாட்டேன்” என்றார். நானும் வேண்டாம் என்றேன். இருக்கட்டுங்க, ரெண்டு பேருமாகவே இருப்போம், எனக்கு ஒன்றும் குறை இல்லை என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். பொய்தான் சொன்னேன். ஆனால் அந்த நிமிஷம் மனசார அதையே வேண்டினேன்.

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “டாக்டர் வச்ச குழாய் இங்க இருக்கு. அந்தத் துணியில இல்ல” என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எது தண்ணீர் நிறம் என்று ஓவியரிடம் கேட்டார்.

ஓவியர் வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து நிறத்தைக் குழைத்துக் கொடுத்தார். மண் கலந்த பழுப்பு, அதில் கொஞ்சம் வானத்தின் வெளுப்பு. இவர் வாழ்க்கையில் தூரிகையைத் தொட்டதில்லை. உர மூட்டையில் நம்பர் போடுகிறவர் மாதிரி அதை முஷ்டியில் பிடித்துக்கொண்டார். முதலில் அந்த நீட்டிய கையை அழித்தார். மடையைக் காட்டிக்கொண்டிருந்த விரல் போயிற்று, மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று. அப்புறம் சால்வை. அதன் ஜரிகையின் மேல் இரண்டு மூன்று தடவை அழுத்தித் தேய்த்தார். சட்டை போயிற்று. முகத்துக்கு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூடத்தில் சாய எண்ணெய் வாடை மட்டும் இருந்தது, தூரிகை துணியில் உரசுகிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன்.

“கண்ணைத் தொற. நான் இங்கிட்டுதான் நிக்கிறேன்” என்றார்.

திறந்தேன். மூக்கில் பழுப்புச் சாயத்தோடு எனக்கு எதிரே நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தேன். ஓவியரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாயம் காய்ந்ததும் நான் வந்து மேலே நைசாக அடித்துச் சரிசெய்துவிடுகிறேன் என்றார். கூடாது என்றேன். ஒரு கோடுகூட அந்தப் பக்கம் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயம் ஈரமாக இருக்கும்போதே சமுதாயக் கூடத்தில் மாட்டினோம். பழக்கத்தில் ஒருத்தர் படத்துக்கு ரோஜா மாலை வாங்கிவந்துவிட்டார். அதை வாங்கி என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன், கூடம் சிரித்தது. நாத்தனாரும் வந்திருந்தார், தம்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அடிக்கடி அவர் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பேசச் சொன்னபோது இவர் எழுந்து, அன்றைக்குத் தோப்பில் நின்றது யார், தான் எங்கே இருந்தார் என்பதை இருக்கிறபடி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. முதன்முதலில் வேலியைப் பிரித்துக் கொடுத்த பக்கத்துத் தோப்புக்காரர் எழுந்து வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

இப்போது அந்தக் கூடத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும் வெளியூர்ச் சனம் அந்தப் படத்தின் முன்னால் வந்து நிற்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இவ்வளவு நன்றாக வரைந்தவர் அந்தப் பக்கத்துத் தண்ணீரை மட்டும் ஏன் இப்படித் திட்டுத் திட்டாக அப்பி வைத்திருக்கிறார்? அது என் வீட்டுக்காரர் வரைந்தது என்று சொல்வேன். படத்தில் எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.